ஏழு பேர் நின்றால்தான் பாட்டு

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டு, டீக்கடை பெஞ்சில் கைகால் முளைத்த கதை இல்லை. சிந்துஜா எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கிறாள், சிதம்பரத்தில். அவள் வாயால் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே மாறவில்லை. அவள் ஆபீஸ் டேப்லெட்டில் பதிவாகியிருந்த நேரங்களை என் கண்ணாலும் பார்த்தேன்.

பேய் என்றால் நடுராத்திரி, வெள்ளைப் புடவை, நாய் ஊளை என்று காத்திருப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். இதில் எல்லாமே வெளிச்சத்தில் நடந்தது. சுண்டல் விற்கிற இடத்தில், ஐஸ் வண்டி மணி அடிக்கிற இடத்தில் நடந்தது.

சிந்துஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. சொந்த ஊர் புவனகிரி. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் இளமதி, எட்டு வயது, ஒல்லிப்பிச்சான். அந்தப் பெண்தான் அவளுக்கு எல்லாம். இளமதி ஒரு தும்மல் போட்டால் இவள் டாக்டர் வீட்டு வாசலில் நிற்பாள்.

பூங்காவிலும் கடற்கரையிலும் பொதுமக்கள் விளையாடுவதற்கான சாதனங்களை அமைத்துக் கொடுக்கிற ஒரு சென்னை கம்பெனியில் அவளுக்கு வேலை. மே மாதம் கடலூர் சில்வர் பீச்சில் பத்து நாள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பொறுப்பு சிந்துஜா. பள்ளி விடுமுறை என்பதால் இளமதியும் தினமும் கூடவே பஸ்ஸில் போய் வந்தாள்.

விளையாட்டு இதுதான். மணலில் வட்டமாக ஏழு மரப்பலகைகள். அடியில் ஸ்பிரிங், அதோடு சிந்துஜா கையில் இருக்கும் டேப்லெட்டில், அதாவது டேப்பில், எடை காட்டும் சென்சார். ஒரு பலகையில் ஏறினால் ‘தும்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஏழிலும் ஆள் ஏறினால்தான் ஸ்பீக்கரில் முழுப் பாட்டும் ஒலிக்கும், ஒரு நிமிடம் நாற்பது விநாடி. ஒருவர் இறங்கினாலும் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள். ‘ஏழு பேர் நின்றால்தான் பாட்டு. தெரியாதவரையும் கூப்பிடுங்கள்.’

சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பலகையிலும் இளமதியைத்தான் நிற்க வைத்தாள். ஏழிலும் ஒரே எண். இருபத்தொரு கிலோ.

பாட்டு விஷயத்தில்தான் அவள் கை வைத்தாள். முதலாளி சேரன் போனில் சொன்னார்:

“சினிமாப் பாட்டு போட்டா ரைட்ஸ் பிரச்சினை வரும் சிந்து. லோக்கலா ஏதாச்சும் போடு.”

அவள் போனில் ஒன்று இருந்தது. மூன்று வாரம் முன்பு தம்பி செந்தமிழ்செல்வன் கல்யாணத்தில் எடுத்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் என்றால் முதல் வேலை பூவாடைக்காரியை அழைப்பது. வீட்டில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணைத் தண்ணீர்க்கரையில் நின்று, பம்பை உடுக்கை அடித்து, பேர் சொல்லி வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். சிந்துஜா வீட்டு வழக்கப்படி, படையல் முடிந்ததும் அதே கரைக்கு வந்து வேறு தாளம் அடித்து வழியனுப்பவும் செய்வார்கள். அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி அப்பாவின் தங்கை தில்லையம்மாள். ஒன்பது வயதில் வெள்ளாற்றில் போனவள்.

அய்யனார் என்பவர்தான் பம்பை அடித்தார். அந்த அடிக்குக் கால் சும்மா இருக்காது. பதினொரு நிமிடப் பதிவில் விறுவிறுப்பான இடத்தை மட்டும் சிந்துஜா எடுத்துக்கொண்டாள். கடைசியில் வந்த வழியனுப்புத் தாளம் மெதுவாக இழுத்தது. பிள்ளைகள் குதிக்க அது சரிப்படாது என்று வெட்டினாள். நடுவில் நான்கு இடத்தில் அத்தை பேர் வந்தது. வீட்டுப் பெண் பேர் ஊர் முழுக்க எதற்கு என்று அதையும் வெட்டினாள். ஒன்றை மட்டும் ஆசையாக விட்டுவைத்தாள். போனுக்குப் பக்கத்தில் நின்ற இளமதி தாளத்தோடு கத்தியிருந்தாள்:

“வா... வா... எங்க வீட்டுக்கு வா...”

மழலை மாறாத குரல். யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

மே 10, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திறந்தார்கள். நல்ல கூட்டம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை ஆட்கள், கல்லூரிப் பெண்கள், பேரனைத் தூக்கி வந்த தாத்தா, யூனிஃபார்மில் ஒரு போலீஸ்காரர் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஒரே வட்டத்தில் குதித்தார்கள். “மச்சான், ஒரு ஆள் கொறையுது, ஓடியா!” என்று கடற்கரை முழுக்க ஒரே கூப்பாடு. சிந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று நினைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் ஒருவர்கூடப் பலகையில் ஏறவில்லை. தூர நின்று பார்த்தார்கள். மீன் வறுத்து விற்கிற புஷ்பவள்ளி, இரண்டாம் நாளே வண்டியை நூறு அடி தள்ளி நகர்த்திவிட்டாள்.

“ஏன்க்கா தள்ளிப் போயிட்டீங்க? கூட்டம் இங்கதான இருக்கு?”

“எங்க அண்ணி ஊருல கல்யாணத்துக்கு அடிப்பாங்க இந்த அடி. கடக்கரையில ஏம்மா அடிக்கிற?”

“சும்மா வெளையாட்டுக்குக்கா.”

புஷ்பவள்ளி ஒரு தரம் கடலைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து மீனைத் திருப்பிப் போட்டாள்.

மூன்றாம் நாள், ஞாயிறு. மாலை 6.42.

நெல்லிக்குப்பத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம் ஆறு பலகையில் ஏறியது. ஒரு ஆள் குறைந்தது. “யாராச்சும் ஒரு ஆள் வாங்க!” என்று ஆறு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

தும்.

பாட்டு தொடங்கிவிட்டது.

கடலுக்குக் கிட்டே இருந்த ஏழாவது பலகையில் யாரும் இல்லை. குடும்பம் கைதட்டிச் சிரித்தது. சிந்துஜா கையில் இருந்த டேப்பைப் பார்த்தாள். ஏழாவது பலகை: 24 கிலோ.

கூட்டம் கலைந்ததும் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். சுற்றிலும் மணல் வறண்டு கிடந்தது. பலகைக்கு அடியில் மட்டும் ஈரம். அலை எண்பது அடிக்கு அப்பால் இருந்தது. சென்சாருக்குள் ஈரம் இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு புது சென்சார் மாட்டினாள்.

நான்காம் நாள், 6.05. ஐந்து பேர் ஏறினார்கள். பாட்டு வந்தது. காலிப் பலகைகள் இரண்டு. டேப்பில் 24, 31.

ஐந்தாம் நாள், 5.51. நான்கு பேர். காலிப் பலகைகளில் 24, 31, 58.

ஈரம் இறங்கினால் எண் கண்டபடி ஆடும். இது ஆடவில்லை. நேற்று வந்த எண் இன்றும் அதேபடி வந்தது. தினமும் புதிதாக ஒன்று சேர்ந்தது. வந்த ஆளே மறுபடி வருகிற மாதிரி...

அந்த நினைப்பை அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆறாம் நாள் மூன்று பேரே போதுமாக இருந்தது. சேரன் போன் பண்ணினார். “ஆள் கம்மியா இருந்தாலும் பாடுதாமே? சூப்பர். நீயே மாத்திட்டியா?” சிந்துஜா “ஆமா சார்” என்று சொல்லி வைத்துவிட்டாள். வேறு என்ன சொல்வது?

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, பஸ் செம்மங்குப்பம் தாண்டுகிற நேரம். 8.20. ஜன்னலோரம் இளமதி.

“ம்மா, நம்ம வீட்டுக்கு எத்தினி பேர் வரலாம்?”

“யாரு வராங்க?”

“சும்மா கேட்டேன்.”

சிந்துஜா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிதம்பரம் வரும்வரை கையை எடுக்கவில்லை.

ஏழாம் நாள் ‘பழுது’ என்று எழுதி மாட்டி, சுற்றிலும் கயிறு கட்டினாள். ஸ்பீக்கரை அணைத்தாள். சென்சார்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அன்று எதுவும் நடக்கவில்லை. ‘தும்’ என்றுகூட ஒரு சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

எட்டாம் நாள், மே 17. வெள்ளிக்கிழமை.

அன்றைக்கு இளமதியை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறாள். புவனகிரியில் அம்மாவுக்குக் காய்ச்சல். எங்கள் வீடும் அன்று பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் கூட்டிப் போனாள்.

உச்சி வெயில். கடற்கரையில் ஈ காக்கை இல்லை. சிந்துஜா தகரக் கொட்டகைக்குள் பழைய சென்சார்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளமதி கொட்டகை வாசல் நிழலில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

12.07.

தும்...

சிந்துஜா நிமிர்ந்தாள்.

தும்... தும்...

எண்ணினாள். தன்னை அறியாமலே எண்ணினாள்.

தும்... தும்... தும்...

ஆறு.

தும்.

பம்பை தொடங்கியது. ஸ்பீக்கரை முந்தின நாளே அணைத்திருந்தாள். அதன் பச்சை விளக்கு எரிந்தது.

வாசலில் நோட்டு இருந்தது. கிரேயான் இருந்தது. இளமதி இல்லை.

வெளியே ஓடினாள்.

கயிற்றுக்கு உள்ளே, கடலுக்குக் கிட்டே இருந்த ஏழாவது பலகையில் இளமதி குதித்துக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடி. வெறுங்காலோடு. வலது கை வீசி ஆடியது. இடது கை மட்டும் ஆடவில்லை. யார் விரலையோ பிடித்த மாதிரி மூடியிருந்தது.

மற்ற ஆறு பலகையிலும் யாரும் இல்லை.

ஆறும் அழுந்தி எழும்பின.

ஒரே தாளத்தில்...

கிறீச்... கிறீச்... கிறீச்...

சிந்துஜா கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள். பம்பை நின்றது. ஸ்பீக்கர் விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

“வா... வா... எங்க வீட்டுக்கு வா...”

ஸ்பீக்கரில் இல்லை. இளமதியின் வாயிலிருந்து.

கயிற்றைத் தாண்டி ஓடி மகளை வாரித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. கனத்தாள். பயத்தில் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பல்லைக் கடித்து, மார்போடு அணைத்து, இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து விழுந்தாள்.

“யாரோட ஆடின? சொல்லு! யாரு?”

“ஏம்மா கத்துற? நான்தான கூப்புட்டேன்.”

12.31. அய்யனாருக்குப் போன்.

நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“வழியனுப்புற அடியும் போட்டியாம்மா?”

“இல்லண்ணே. வெட்டிட்டேன்.”

“எத்தினி நாளா போடுற?”

“ஒரு வாரமா. ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ.”

“தில்லையம்மா பேரு?”

“அதையும் வெட்டிட்டேன்.”

“அப்ப யாரக் கூப்புட்ட?”

சிந்துஜா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“பேரு சொன்னா அந்தப் பேருக்காரி வருவா. பேரு இல்லாம, அதுவும் கடக்கரையில... யாரு காதுல விழுந்துதோ அவுங்க வருவாங்கம்மா.”

சிந்துஜா கடலைப் பார்த்தாள். தூரத்தில் புஷ்பவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு வண்டியோடு நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் கெளம்பி வரேன். பாப்பாவத் தண்ணிகிட்ட விடாத. எத்தினி பேரு வந்தாங்கன்னு மட்டும் எண்ணி வையி. அது தப்பக் கூடாது.”

5.20. அய்யனார் பைக்கில் வந்து இறங்கினார். தோளில் பம்பை. கையில் மஞ்சள் பை. வந்ததும் முதல் கேள்வி அதுதான்.

“எத்தினி?”

“ஆறுண்ணே. காலியா ஆடினது ஆறு பலகை. நான் எண்ணினேன்.”

“நல்லா தெரியுமா? ஆளுக்கு ஒரு வெத்தல, ஒரு பூ, ஒரு சூடம். ஒண்ணு கூடினாலும் பரவால்ல. கொறைய மட்டும் கூடாது.”

“கூட ஒண்ணு வச்சுடலாமாண்ணே?”

அவர் பைக்குள் பார்த்தார். “ஆறுன்னு நெனச்சுதான் ஆறு வெத்தல எடுத்தாந்தேன்” என்றார். அவள் இன்னும் எண்ணே சொல்லாதபோது அவர் எப்படி ஆறு கொண்டு வந்தார் என்று சிந்துஜாவுக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. கை எடுத்துப்போட்டது, கொண்டு வந்தேன் என்றார்.

5.50. சூரியன் இன்னும் இறங்கவில்லை. பிடுங்கிய ஒயரை மாட்டி டேப்பை ஆன் செய்தார்கள். ஆள் நிற்பதைக் காட்டும் விளக்கு திரையில் ஆறு பலகைகளுக்கும் எரிந்தது. ஏழாவதுக்கு இல்லை. இளமதி சிந்துஜாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

அய்யனார் அடித்தார். மெதுவான அடி. இழுத்து இழுத்து, நடந்து போகிறவர் கால் போல ஒரு தாளம். முதல் வெற்றிலை அலையில் போனது.

ஒரு பலகையின் விளக்கு அணைந்தது.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்தாவது வெகு நேரம் எரிந்தது. அய்யனாருக்கு நெற்றியெல்லாம் வியர்வை. “போம்மா... போய்ட்டு வா...” என்றார்.

ஐந்து.

ஆறு.

6.14.

ஒரு விளக்கும் எரியவில்லை. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. சிந்துஜா மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புஷ்பவள்ளி வந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தாள். மீதி இரண்டு நாளுக்கு விளையாட்டு கிடையாது என்று சிந்துஜாவே முடிவு செய்து, பலகைகளை லாரி ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள்.

அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாவது வாரம் பிள்ளைகளுக்கு உயரம், எடை பார்த்தார்கள். இளமதியின் வகுப்பு டீச்சர் மலர்க்கொடி, உடல்நல அட்டையில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்.

‘எடை 45 கிலோ. மெஷின் பழுதாக இருக்கலாம். மறுபடி பார்க்கவும்.’

சிந்துஜா போன் செய்தாள்.

“மத்த பசங்களுக்கு மிஸ்?”

“அதாம்மா வேடிக்கையா இருக்கு. முப்பத்தெட்டு பசங்களுக்கும் கரெக்டா காட்டுச்சு. இவளுக்கு மட்டும்தான் இப்படி. மூணு தடவ ஏத்தி எறக்கினேன். இவ்ளோ ஒல்லியா இருக்கா பாவம்...”

அன்று சாயங்காலம் அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு கீழே என் வீட்டுக்கு வந்தாள். நான்தான் திறந்து பார்த்தேன். மே 17, பகல் 12.07. ஏழு பலகைகளின் எடையும் வரிசையாகப் பதிவாகியிருந்தது.

31. 58. 19. 40. 27. 36.

இந்த ஆறும் காலிப் பலகைகள்.

ஏழாவது, இளமதி நின்றது. அதில் 45.

இளமதி இருபத்தொரு கிலோ. மூன்றாம் நாளிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த இருபத்து நான்கு, காலிப் பலகை எதிலும் இல்லை. இரண்டையும் கூட்ட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. வந்தது ஏழு பேர். அனுப்பியது ஆறு பேர்.

அய்யனாருக்குப் போன் போட்டோம். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கேட்டோம். எல்லாவற்றையும் சொன்னபின் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

“தண்ணிக்கரையில நிக்கிறவங்கள அனுப்ப எனக்கு அடி தெரியும்மா. வீட்டுக்குள்ள வந்து உக்காந்தவங்கள அனுப்புற அடி எங்க அப்பனுக்கும் தெரியாது.”

சிந்துஜா அதன்பின் போகாத கோயில் இல்லை, காட்டாத டாக்டர் இல்லை. இளமதிக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகப் படிக்கிறாள், நன்றாகச் சிரிக்கிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு தட்டு கேட்கிறாள். முதலில் சிந்துஜா திட்டிப் பார்த்தாள். இப்போது கேட்பதற்கு முன்பே இரண்டு தட்டு வைத்துவிடுகிறாள். யாரோ பெற்ற பிள்ளைதானே என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்கு என் பிள்ளை மட்டும் போதும் என்று அழுதாள்.

நேற்று மாலை 4.25. இளமதி பள்ளி விட்டு வந்து மாடிப்படி ஏறினாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். வலது தோளில் புத்தகப் பை. வலது கையில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுக் கூடை, குடை எல்லாம்.

இடது கையில் எதுவும் இல்லை. அது மூடியே இருந்தது.